ஒதுங்க ஒரு புதரில்லாத உயரம்

2017இல் மணாலியிலிருந்து லே வரை, 470 கிலோமீட்டருக்கும் மேல், சைக்கிளில் போனோம். எட்டு ஆண்கள், மூன்று பெண்கள். ஆண்டுக்கொரு முறை கூடி அந்தப் பயணத்தைப் பேசித் தீர்ப்போம். ஆண்களின் நினைவு எப்போதும் உயரத்தில் தொடங்கும். ரோதாங் 3,978 மீட்டர், கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், 5,300 மீட்டர் தாண்டிய தங்லங் லா. பிறகு தவறாமல் அந்தச் சிரிப்பு வரும்: "டெப்ரிங்குல மேடத்துக்குத் தலைவலி. ஆட்டம் காலி!" உயரம் பெண்ணுடம்புக்கு ஒத்துவராது என்று ஒருவர் விஞ்ஞானம் பேசுவார்.

இந்த முறை சொல்லிவிட்டேன். அன்று காலையிலிருந்து நான் தண்ணீரே குடிக்கவில்லை.

டெப்ரிங்குக்கு முன்னால் மோரே சமவெளி. சுமார் 40 கிலோமீட்டர், மரமில்லை, ஆள் மறையும் புதரில்லை. லாரிகளும் ராணுவ வண்டிகளும் போய்க்கொண்டே இருக்கும். ஆண்கள் முதுகைத் திருப்பினார்கள், வேலை முடிந்தது. அந்த உயரத்தில் மூச்சு விடுவதிலேயே உடம்பு நீரை இழக்கும், நிறையக் குடியுங்கள் என்று புறப்படும்முன் வகுப்பெடுத்தார்கள். குடித்தபின் எங்கே போவது என்று சொல்லவில்லை. எங்களில் ஒருத்திக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். துப்பட்டாவை மறைப்பாகப் பிடித்தோம், காற்று பிடுங்கியது. அடக்கினோம். தாகத்தால் வந்த தலைவலியைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பெண்ணின் பலவீனம் என்று கதை சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டு நானும் சிரித்திருக்கிறேன், அது என் பிழை.

குடிக்காமலிருக்க நான் லடாக்கில் கற்கவில்லை. தேவிகாபுரத்தில் கற்றேன். தறிக்குழியில் கால்விட்டு உட்கார்ந்தால் அம்மா சொம்பைத் தொடமாட்டாள். வீட்டில் கழிப்பறை இல்லை, இருட்ட வேண்டும். பள்ளியில் நாங்களும் அப்படித்தான். ஊரே அதைப் பொம்பளைப் பிள்ளையின் அடக்கம் என்றது. பட்டுக்குப் பேர்போன ஊர். சேலை நெய்தவளுக்கு நான்கு முழம் மறைப்பு கிடைக்கவில்லை.

1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிள் ஏற்றியது. ஆண்களின் ஆபாசக் கிண்டலை மீறி ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாதபோது ஜென்ட்ஸ் சைக்கிளில் ஏறினார்கள். முன்கம்பியில் குழந்தையை வைத்துக்கொள்ளலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. வீட்டுக்குத் தண்ணீரும் அதில்தான் வந்தது. எத்தனையோ மேடைகளில் இதைப் பெருமையோடு பேசியிருக்கிறேன். அந்த நீண்ட சாலைகளில் அவர்கள் எங்கே ஒதுங்கினார்கள் என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. பெண்ணியம் பேசுகிற நமக்கே மூத்திரம் என்று எழுதக் கை கூசுகிறது.

"அப்பவே சொல்லியிருந்தா நாங்க தள்ளிப் போயிருப்போமே, மேடம்" என்றார் ஒருவர். நல்ல மனிதர்தான். கேட்காததை விட்டுவிட்டு, சொல்லாததை என் கணக்கில் எழுதினார்.

அடுத்த பயணத்துக்கான பொருள்பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தது. டியூப், ஸ்போக்ஸ், செயின் எண்ணெய், கேமரா மூன்று, ஃபில்டர் காபிக்கு டபரா செட். கீழே நான் சேர்த்தேன்: மறைப்புக் கூடாரம், ஒன்று.

பதில் உடனே வந்தது: "வெயிட் கூடுமே, மேடம்."