சூட்டைப் பாராமல் துடைத்தெறிவது

கணினி நடுவழியில் நின்றுபோனால் நம்மூரில் சொல்லப்படும் மருந்து பெரும்பாலும் ஒன்றே: "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." வைரஸ் என்ற காரணமும் கூடவே வந்துவிடும். தமிழ்த்துறைகளிலும் சிற்றிதழ் அறைகளிலும் இப்படித் துடைத்தெறியப்பட்ட மெய்ப்புகளையும் பாதி எழுதிய ஆய்வேடுகளையும் கணக்கெடுத்தால், ஏடு தின்ற கறையானை நாம் இவ்வளவு பழிக்கமாட்டோம். துடைத்த பிறகும் பல கணினிகள் மறுவாரமே பழையபடி நின்றுபோகின்றன. குற்றம் மென்பொருளில் இல்லாமல் மதர்போர்டின் சூட்டில் இருந்தால் வேறென்ன நடக்கும்?

இரண்டையும் பிரித்தறிவது சுவடிகளை ஒப்புநோக்கிப் பழகியவர்க்குப் புதிய கலை அன்று. எல்லாப் படிகளிலும் ஒரே இடத்தில் வரும் பிழை மூலப்படியிலிருந்து வந்தது. படிக்குப் படி இடம் மாறுவது எழுதிய கையின் சோர்வு என்போம். குறிப்பிட்ட கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கணினி நின்றால் மென்பொருளை ஐயுறலாம். இயக்கியதும் நன்றாக ஓடி, அரைமணி கழிந்து நின்று, ஆறவிட்டால் மீண்டும் ஓடி, நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைச்செய்தி காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது சூட்டை. சித்திரையில் மிகுந்து மார்கழியில் தணியும் கோளாறு என்றால் ஐயம் இன்னும் வலுக்கும்.

பழுதுபார்ப்பவரை மட்டும் குறைசொல்வதற்கில்லை. கடைக்குப் போகும் வழியிலேயே பெட்டி ஆறிவிடுகிறது. குளிரூட்டிய அறையில் சமர்த்தாக ஓடுகிறது. பெயர் ஃபார்மட்டுக்குப் போய்ச் சேர்கிறது.

பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தது. 100 டிகிரி செல்சியசை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கணினியை அணைத்துவிடும். அதைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளான மின்தேக்கிகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றுள் மின்பகு திரவம் கொண்டவை சூட்டில் மெல்ல உலர்கின்றன. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு: 105 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைப்பது 85 டிகிரியில் 8,000 மணி உழைக்கும். 2000-களின் தொடக்கத்தில் உலகெங்கும் மதர்போர்டுகளில் மின்தேக்கிகள் தலை வீங்கிக் கசிந்தன. பழுதான மதர்போர்டுகளை மாற்றித் தருவதற்கென டெல் நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. அங்கே மூலக்குற்றம் திரவத்தின் தரத்தில். சூடு அதை விரைவுபடுத்தியது.

ஆகவே நம் கட்சி இது. கணினி ஆறியிருக்கும்போதே எழுத்துகளைப் பென் டிரைவில் படியெடுத்துவிட வேண்டும், மற்றவை பிறகு. பயாஸ் திரையில் வெப்ப அளவு தெரியும். வேலையேதும் இல்லாதபோதே 70 டிகிரியைத் தாண்டினால் காற்றோட்டம் கெட்டிருக்கிறது. மேசைக்கடியில் கதவுள்ள அறைக்குள் சிபியுவை அடைப்பதும், ஓடும் பெட்டிக்குப் பூவேலை உறை போர்த்துவதும் நம் வீட்டு அன்பின் விளைவுகள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினால் மின்விசிறியிலும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளிலும் பஞ்சுபோல் தூசி படிந்திருக்கும். விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு ஊதித் தள்ள வேண்டும். பிராசசர் மேலுள்ள வெப்பப்பசை காய்ந்து பொருக்காகியிருந்தால் துடைத்துப் புதிதாக இடவேண்டும். தலை வீங்கிய மின்தேக்கி தென்பட்டால் அது தேர்ந்த கைக்குரிய வேலை. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நாம் திறக்கவே கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

எளிய சோதனை ஒன்று உண்டு. பக்கத் தகட்டைக் கழற்றியபடியே, உள்ளே எதையும் தொடாமல், மேசை விசிறியை அதன்புறம் திருப்பிவைத்து ஒரு பிற்பகல் வேலை செய்து பார்க்கலாம். கோளாறு வராவிட்டால் சூடே குற்றவாளி என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போதும் நின்றுபோனால் மெம்டெஸ்ட் கொண்டு நினைவகத்தை ஓரிரவு சோதிக்கலாம். அதிலும் பிழை காணாதபோது ஃபார்மட்டைப் பற்றிப் பேசுவோம். கடைக்காரர் அதற்கு முன்பே அவசரப்பட்டால், "வெப்பம் எத்தனை டிகிரி காட்டியது?" என்று கேட்டுப் பாருங்கள். விடை வராவிட்டால் பெட்டியைத் திருப்பி எடுத்து வந்துவிடலாம்.