ஆணி அறையாத யட்சி

எனக்கு எட்டு வயது இருக்கும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து அத்தையோடு மலம்புழா அணை பார்க்கப் போயிருந்தேன். தோட்டத்தில் கொஞ்ச தூரம் நடந்ததும் அத்தை சட்டென்று முந்தானையால் என் முகத்தை மூடினாள். "பாக்காதே கண்ணு, வெரசா வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். சேலை இடுக்கில் எனக்குத் தெரிந்தது பாறை மாதிரி நீண்டு கிடந்த இரண்டு கால்கள் மட்டும்தான்.

கானாயி குஞ்ஞிராமன் 1969இல் செய்து முடித்த யட்சி அது. 30 அடி உயரக் கான்கிரீட் சிலை. உடம்பில் துணியில்லை. கால்களை அகல நீட்டி, இரு கைகளையும் கூந்தலுக்குக் கொண்டுபோய், பாதி மூடிய கண்ணோடு முகத்தை வானத்துக்குக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். 1937இல் காசர்கோடு பக்கம் பிறந்த கானாயி, சென்னை ஓவியப் பள்ளியில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவர், பிறகு லண்டன் ஸ்லேடு பள்ளியில் படித்தார். அவள் உட்கார்ந்திருக்கும் இந்த அணையை 1955இல் திறந்து வைத்தவர் காமராசர். பாலக்காடு அன்று சென்னை மாநிலத்தில் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கதைகளில் யட்சி மரத்தில் குடியிருப்பாள். ராத்திரி வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்பாள். கொடுக்கப் போனவன் திரும்ப மாட்டான். கடைசியில் ஒரு மந்திரவாதி வந்து இரும்பு ஆணி அறைந்து அவளை மரத்தோடு அடக்கிவிடுவான். நாஞ்சில் நாட்டில் இவளேதான் இசக்கி. பெண்ணைக் கண்டு ஊர் பயந்த பயமெல்லாம் இந்தக் கதைகளில் இருக்கிறது. கானாயி அந்த ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பட்டப்பகலில், மலைகளுக்கு நடுவே அவளை உட்கார வைத்தார்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? பொது இடத்தில் இப்படி ஒரு சிலையா என்று கொதித்தார்கள். ஃபுளோரன்சிலும் ஒரு சிலைக்கு எதிர்ப்பு வந்திருக்கிறது. மைக்கேலாஞ்சலோ 26 வயதில் தொடங்கிய 17 அடி தாவீது சிலையை 1504இல் நான்கு நாள் இழுத்துச் சதுக்கத்துக்குக் கொண்டு வந்தபோது, ராத்திரியில் கல்லெறிந்தார்கள். அவர் வாட்டிகனில் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தில், அவர் இறந்த பிறகு வேறோர் ஓவியரை வைத்து உருவங்களின் மேல் துணி தீட்டினார்கள். யட்சியை யாரும் அப்படி மூடவில்லை. சிலைக்கு 50 வயதானபோது, எண்பதைக் கடந்த கானாயியே திரும்பி வந்து அவளைப் புதுப்பித்தார். சங்குமுகம் கடற்கரையில் படுத்திருக்கும் கடற்கன்னி சாகரகன்யகாவும் அவர் செய்தவள்தான். எனக்கென்னவோ மலம்புழாக்காரிதான் முதல்.

இவளைப் பார்ப்பதற்கென்று கலை தெரிந்தவர்கள் வருவார்கள். ஆனால் அணை பார்க்க வந்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, இவள் முன்னால் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நாற்பது வருஷமாக அதைப் பார்க்கிறேன். முகம் மூடி இழுத்துப் போனவர்களின் பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளை அவள் முன் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அந்த மாற்றத்துக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அவள் அங்கேயே இருந்தாள், அவ்வளவுதான்.

போன மாதம் அத்தையை அழைத்துப் போனேன். முழங்கால் வலி, மெல்ல நடந்து வந்து சிலைக்கு எதிரே உட்கார்ந்தாள். முந்தானையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"அவ பாட்டுக்கு உக்காந்திருக்கறா கண்ணு. நாமதான் பயந்துட்டு ஓடுனோம்."