பால் சங்குக்கு பிளீச்சிங் வேண்டாமே!

குழந்தைக்குப் பால் புகட்டும் எவர்சில்வர் சங்கின் மூக்கை விரலால் தடவிப் பாருங்கள். பிசுபிசுன்னு இருக்கா? அது காய்ந்த பாலின் புரதம். "பிளீச்சிங் பவுடர் தண்ணியில ஊறப்போட்டா போச்சு டாக்டர்" என்கிறார்கள் சில தாய்மார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. குளோரின் அந்தப் புரதத்தோடு மல்லுக்கட்டியே வீணாகிவிடும். அடியில் இருக்கும் கிருமி தப்பித்துக்கொள்ளும். போதாததற்கு, நாளடைவில் எவர்சில்வரில் ஊசிமுனைக் குழிகள் விழும். அடுத்த வேளைப் பால் அதற்குள் போய் உட்காரும். கூடவே எலுமிச்சையும் பிழிந்தால் நச்சு வாயுவே கிளம்பும்!

பால் கொடுத்த கையோடு பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். முதலிலேயே வெந்நீர் விட்டால் புரதம் வெந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு சோப்புப் போட்டுச் சின்ன பிரஷால் தேய்த்து, நன்றாகக் கழுவி, 10 நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிடுங்கள். சித்த வைத்தியர் சாம்பலைச் சொல்வார்னு நினைச்சீங்களா? அதுவும் வேண்டாம், கீறல் விழும்.