கைக்குழந்தையோடு கொண்டாட்டம்
ஞாயிறானால் திருப்பூரிலிருந்து மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர், கோவை கொண்டாட்டம் போன்ற நீர்ப் பூங்காக்களுக்குக் கிளம்பும் வண்டிகளில் கைக்குழந்தைகளும் உண்டு. போகட்டும், வாரமெல்லாம் உழைக்கும் அம்மாவுக்கும் ஒரு நாள் வேண்டுமே. ஆனால் நடப்பது என்ன? அப்பா அலைக்குளத்தில், மச்சான் சறுக்கில். அம்மா மட்டும் பையையும் செருப்பையும் காத்தபடி, பிள்ளையோடு நிழல் தேடுகிறாள். ஆளுக்கு அரை மணி நேரம் பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டால் யாருக்கும் கௌரவம் குறைந்துவிடாது. பிள்ளைக்கோ ஆறு மாதம் வரை தாய்ப்பால்தான்; வெயிலென்று தண்ணீர் புகட்டக் கூடாது, அடிக்கடி பாலூட்ட வேண்டும். அதற்கு அறை? 2015-லேயே தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. நுழைவுக் கட்டணம் வாங்கும் எந்தப் பூங்காவுக்கும் இது பெரிய காரியமல்ல; டிக்கெட் எடுக்கும் முன்பே கேளுங்கள். குளோரின் தண்ணீரில் பிள்ளையை முக்குவதும் வேண்டாம், சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். வேடிக்கை ஒன்று: பல நீர்ப் பூங்காக்களில் பருத்தி உடையோடு இறங்க விடுவதில்லை. உலகத்துக்கே பருத்தி பனியன் தைக்கிற திருப்பூர்க்காரர்கள் நைலான் உடையை வாடகைக்கு எடுக்கிறார்கள்! பிள்ளைக்கு மட்டும் காட்டன் ஜப்லா நாலு எடுத்து வையுங்கள். எக்ஸ்போர்ட் செகண்ட்ஸ் வீட்டில் இல்லாமலா போகும்?