காட்டில் வழி தவறினால்

காட்டில் வழி தவறியவன் முதலில் என்ன செய்ய வேண்டும்? கூடத்தில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து கொண்டு யோசித்தால், "நடக்க வேண்டியதுதான், வேறென்ன?" என்றே சொல்லத் தோன்றும். அநேகர் செய்வதும் அதுதான். பயம் வந்ததும் கால்கள் தாமாகவே விரைகின்றன. சூரியன் கண்ணுக்குத் தெரியாத காட்டில், நேராக நடப்பதாக எண்ணிக் கொண்டே மனிதன் வட்டமிடுகிறான் என்பதை 2009-ஆம் வருஷத்தில் ஜெர்மனியிலுள்ள விஞ்ஞானிகள் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். செக்கு மாடு சுற்றினால் எண்ணெயாவது கிடைக்கும்; இவனுக்குக் கிடைப்பது களைப்புத்தான்.

ஆகவே, நாம் சென்ற இடம் வீட்டில் யாருக்கேனும் தெரியுமானால், நின்ற இடத்திலேயே தங்குவது மேல். வெட்டவெளி ஏதேனும் அருகிலிருந்தால் பளிச்சென்ற துணியொன்றை அங்கே கட்டலாம். பொழுது சாயுமுன் உலர்ந்த சருகைக் கனமாகப் பரப்பிக் கொள்ள வேண்டும். இரவில் உடம்பின் சூட்டை ஈரத் தரை உறிஞ்சிவிடும். ஊதல் இருந்தால் மும்மூன்று முறையாக ஊதுவது பல தேசங்களில் அபாய அறிவிப்பு. பசிக்காக அவசரப்பட்டுக் கண்ட காயையும் காளானையும் தின்ன வேண்டாம். பல நாள் பட்டினியை உடம்பு தாங்கும், தண்ணீரின்றித்தான் தாங்காது.

"நடந்து பிழைத்தவர்களே இல்லையா?" என்று நேயர்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். 1971-ஆம் வருஷம் டிசம்பர் 24-ந் தேதி, பெரு தேசத்து லிமா நகரிலிருந்து புகல்பா என்னும் ஊருக்குப் புறப்பட்ட ஆகாய விமானம் இடிமின்னலில் சிக்கிச் சிதறியது. அதிலிருந்த 92 பேரில் மீண்டவள் ஒருத்தியே: 17 வயது ஜூலியானா கெப்கே. ஆசனத்தோடு பிணைந்தபடி ஏறக்குறைய 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அமேஸான் காட்டில் விழுந்தாள். பக்கத்து ஆசனத்தில் இருந்த தாயாரைக் காணவில்லை. காறையெலும்பு முறிந்திருந்தது, மூக்குக் கண்ணாடி போய்விட்டது, காலில் ஒற்றைச் செருப்பு. தேடி வந்த விமானங்களின் இரைச்சல் கேட்டது. ஆனால் மரச் செறிவினூடே அவளை யார் காண முடியும்?

பெற்றோர் இருவரும் பிராணி சாஸ்திரிகள். அந்த வனத்திலேயே ஆராய்ச்சி நிலையம் அமைத்தவர்கள். ஓடை ஆற்றிலே சேரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பர் என்று தந்தை சொல்லியிருந்தார். ஓடையோடு நடந்தாள். ஒருவகைப் பறவையின் குரல் கேட்டதும், அது அகன்ற நீர்நிலையருகே கூடு கட்டும் பறவையாயிற்றே, பெரிய ஆறு சமீபத்தில்தான் என்று ஊகித்தாள். எடுத்து வந்த மிட்டாய்ப் பொட்டலம் தீர்ந்தது. கைப் புண்ணில் புழு வைத்தது. பத்தாம் நாள் கரையில் ஒரு படகும் குடிசையும் தென்பட்டன. வளர்த்த நாயின் புண்ணுக்குத் தந்தை மண்ணெண்ணெய் விட்டது நினைவு வர, அங்கிருந்த பெட்ரோலைப் புண்ணில் ஊற்றினாள். படகை மட்டும் தொடவில்லை. அது திருட்டாகுமாம்! மறுநாள் குடிசைக்கு வந்த மரம் வெட்டுகிறவர்கள் அவளைக் கண்டார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். ஓடையைத் தொடர்வது அமேஸான் சமவெளிக்குப் பொருந்தும். நமது மேற்கு மலைத் தொடரில் அதே ஓடை அருவியாகிப் பாதாளத்தில் விழக் கூடும். அவளைக் காத்தது அந்தக் காட்டைப் பற்றிய அறிவு.

2023-ஆம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி கொலம்பியா தேசத்தில் சிறு விமானமொன்று காட்டில் விழுந்தபோதும் இதையே கண்டோம். பெரியவர்கள் மூவரும் மாண்டனர். அவர்களில் ஒருத்தி, உடன் வந்த நான்கு குழந்தைகளின் தாய். மூத்த பெண்ணுக்கு 13 வயது. கடைக்குட்டிக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. ஹுயிடோட்டோ என்னும் வனவாசி வகுப்பைச் சேர்ந்த அந்தச் சிறுமி, விமானத்திலிருந்த மரவள்ளி மாவை எடுத்துக் கொண்டு, தம்பி தங்கைகளுடன் புறப்பட்டாள். மாவு தீர்ந்த பின் தனக்குத் தெரிந்த காய், கனி, விதைகளைக் கொண்டே அவர்களைக் காத்தாள். இராணுவத்தாரும் வனவாசிகளும் சேர்ந்து தேடினர். "இருந்த இடத்திலேயே இருங்கள், கண்ணுகளா!" என்னும் கருத்துப்படப் பாட்டியார் தாய்மொழியில் பேசியதைப் பதிவு செய்து, ஹெலிகாப்டரிலிருந்து ஒலிபெருக்கி மூலம் காடெங்கும் ஒலிக்கச் செய்தார்கள். 40-ஆம் நாள், ஜூன் 9-ந் தேதி, நால்வரும் உயிருடன் அகப்பட்டனர். விழுந்த இடத்துக்கும் அவர்கள் இருந்த இடத்துக்கும் தூரம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான்!

தேடச் சென்ற இராணுவ நாய்களில் வில்சன் என்பதும் ஒன்று. அது வழி தவறிப் போய்ச் சில நாட்கள் அக்குழந்தைகளுக்குத் துணையாக இருந்ததாம். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே குழந்தைகள் அதன் படத்தை வரைந்து காட்டினார்கள். இராணுவத்தார் மறுபடியும் காட்டுக்குள் சென்று பல நாள் தேடினார்கள். வில்சன் மட்டும் அகப்படவில்லை.