ஆண்டுக்கு நூறு நூல்: யாருடைய அளவுகோல்?

டிசம்பர் கடைசி வாரம். சென்னைப் புத்தகக் காட்சிக்கான அறிவிப்புகளோடு சேர்ந்து, இந்த ஆண்டு படித்து முடித்த நூல்களின் பட்டியல்களும் வரத் தொடங்கிவிட்டன. ஐம்பத்திரண்டு, எழுபத்தைந்து, நூற்றுப் பதினொன்று. மேலே எண், கீழே அட்டைப்படங்களின் அடுக்கு, அதற்கும் கீழே வாழ்த்துகள். ‘எப்படி முடிகிறது தோழர்?’ என்ற வியப்பு. அந்த நூற்றுப் பதினொன்றில் ஏதேனும் ஒன்று படித்தவரை எங்கேனும் தடுத்து நிறுத்தியதா என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தை எதிர்த்தே எழுதுகிறேன். படிப்பவர்களை எதிர்த்து அன்று.

வழக்கமான மறுப்பை முதலிலேயே எடுத்துக்கொள்வோம். கைப்பேசியே கதி என்று ஆகிவிட்ட காலத்தில் ஏதோ ஒன்றைப் படிக்கிறார்களே, அதையும் குறை சொல்ல வேண்டுமா? விட்டுப்போன பழக்கத்தை மீட்க ஓர் எண் இரண்டு மூன்று மாதங்கள் உதவும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நடைப்பயிற்சியின் தொடக்கத்தில் காலடிகளை எண்ணுவதைப் போன்றது அது. ஆனால் பட்டியல் இடுவோரில் நான் காண்பவர்கள் புதியவர்கள் அல்லர். பத்தாண்டுகளுக்கும் மேலாகப் படிப்பவர்கள், எழுதுபவர்கள், சிலர் வகுப்பறையில் இலக்கியம் கற்பிப்பவர்கள். அவர்களுக்கு இந்த எண் எதற்கு?

எண் நடுநிலையானது போலத் தோற்றம் தரும். எதை எண்ணுவது என்று முடிவு செய்த கணத்திலேயே எதைப் படிப்பது என்பதும் பாதி முடிவாகிவிடுகிறது. 1964இல் யுனெஸ்கோ, நாடுகளின் பதிப்புத்துறைப் புள்ளிவிவரங்களை ஒப்பிடுவதற்காக நூலுக்கு ஒரு வரையறை தந்தது: அட்டை நீங்கலாகக் குறைந்தது 49 பக்கங்கள் கொண்ட, பருவ இதழ் அல்லாத அச்சு வெளியீடு. புள்ளிவிவரத் துறைக்கு அது போதும். வாசிப்புக்கு அதே அலகைக் கொண்டுவந்தால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட கம்பராமாயணமும் ஒன்று, ஓர் இரயில் பயணத்தில் முடிந்துவிடும் குறுநாவலும் ஒன்று. குறுந்தொகையின் 401 பாடல்களும் சேர்ந்து ஒன்று. பொன்னியின் செல்வன் ஒன்றா ஐந்தா என்ற வழக்கு மட்டும் ஆண்டுதோறும் உற்சாகமாக நடக்கிறது.

விளைவு வெளிப்படை. அக்டோபரில் இலக்குக்குப் பின்தங்கியவர் நவம்பரில் கம்பனைத் தொடமாட்டார். நூறு பக்க நூல்களைத் தேடுவார். ஏற்கெனவே படித்ததை மீண்டும் எடுக்கமாட்டார். பிடிக்காததைப் பாதியில் மூடவும் மாட்டார், ஏனெனில் பாதி நூல் கணக்கில் சேராது. கவிதைத் தொகுப்பை நாவலின் வேகத்தில் புரட்டுவார். இவை எல்லாம் தனிமனிதக் குறைபாடுகள் அல்ல. அளவுகோல் கேட்பதை அவர் கொடுக்கிறார்.

அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பதும் கவனத்துக்குரியது. குட்ரீட்ஸ் தளம் 2007இல் தொடங்கியது. ஆண்டு வாசிப்புச் சவாலை 2011இல் அறிமுகப்படுத்தியது. 2013இல் அமேசான் அதை வாங்கிக்கொண்டது. அதே நிறுவனம் 2015 முதல் தன் கிண்டில் அன்லிமிடெட் திட்டத்தில் எழுத்தாளர்களுக்குப் படிக்கப்பட்ட பக்கங்களின் கணக்குப்படி பணம் தருகிறது. கடைக்காரர் பக்கங்களை எண்ணுகிறார், வாசகர் நூல்களை எண்ணுகிறார். ஒரு பத்தியில் நின்று யோசித்த அரைமணி நேரம் இருவர் கணக்கிலும் இல்லை. கடைக்காரரிடம் எனக்குக் கோபமில்லை. எண்ணுவது அவர் தொழில். அவர் தராசை நாம் வீட்டுக்குக் கொண்டுவந்து அதில் நம்மையே நிறுத்துக்கொள்வதுதான் விந்தை.

தமிழில் இதற்கு நல்ல முன்கதை ஒன்று உண்டு. உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் எழுதியிருப்பது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று நீண்ட பட்டியலைச் சொல்கிறார். முதலியார் அசையவில்லை. இவற்றால் என்ன பயன் என்ற தொனியில் பேசிவிட்டு, இவற்றுக்கெல்லாம் முந்தைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்கிறார். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை. ஐயர் அவற்றைப் படித்திருக்கவில்லை.

இந்நிகழ்ச்சியைச் சொல்லும்போதெல்லாம் அளவு பெரிதா தரம் பெரிதா என்ற பட்டிமன்றத் தலைப்பாக அதைச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஐயரின் பட்டியல் இன்றைய எந்தச் சவாலையும் வென்றிருக்கும். ஆயினும் அது எவ்வளவு நீண்டாலும், தன்னிடம் இல்லாதது எது என்பதை அதனால் காட்ட இயலாது. அதைக் காட்ட இன்னொரு மனிதர், மதிப்பே இல்லாதவர் போன்று கேள்வி கேட்கும் ஒருவர், தேவைப்பட்டார். இன்று அந்த இடத்தில் வாழ்த்துச் சொல்பவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்.

அதன்பின் நடந்தது இன்னும் சுவையானது. சீவக சிந்தாமணி என்ற ஒரு நூலை எடுத்துக்கொண்டார். முதலியாரோடு சேர்ந்து படித்தார். சமணக் கருத்துகள் விளங்காதபோது கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிச்சென்று கேட்டார். சுவடிகளை ஒப்பிட்டார். பதிப்பு வெளிவந்தது 1887இல். ஏழு ஆண்டுகள்! ஆண்டு இறுதியில் ‘1/52, இன்னும் முடியவில்லை’ என்று ஏழு முறை அவர் அறிவித்திருக்க வேண்டும்.

என் ஆண்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள் என்பதால். தொடக்கம் முதல் இறுதிவரை படித்தவை பதினொன்று. மீதி நேரத்தின் பெரும்பகுதி தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் போனது. ஒருவரைப் பன்மைச் சொல்லால் குறிப்பது வழக்கில் உயர்வு கருதி வருவது, இலக்கண நெறிப்படி அமைந்தது அன்று என்று சொல்லும் நூற்பா ஒன்று அதில் உண்டு. அந்த ஒன்றின்மேல் மட்டும் மூன்று வாரங்கள். இளம்பூரணரையும் சேனாவரையரையும் தெய்வச்சிலையாரையும் அருகருகே விரித்துவைத்துக்கொண்டு, அன்று இலக்கணத்துக்கு வெளியே நின்ற மரியாதைப் பன்மை இன்று ‘அவர்’ என்று ஒருமையாகவே நிலைபெற்று, அதற்கும் மேல் மரியாதை காட்ட ‘அவர்கள்’ தேவைப்படும் நிலைக்கு வந்ததைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். குட்ரீட்ஸில் இதை எப்படிப் பதிவது? மூன்று உரை என்பதால் மூன்றா? ஓர் இயல்தான் என்பதால் சுழியமா? விடை சுழியம் என்றே நினைக்கிறேன்.

இடையே ஒரு சொல். ‘படி’ என்ற வடிவத்துக்குத் தமிழில் பல பொருள். வண்டல் படிகிறது, நூலைப் படிக்கிறோம், நெல்லைப் படியால் அளக்கிறோம். இவை ஒரே வேரின என்று நான் வாதிடமாட்டேன். ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு சொற்பிறப்புச் சொல்வது எங்கள் துறையின் மிகப் பழைய நோய். ஆனாலும் இந்த டிசம்பரில் ‘படித்தேன்’ என்பவர்கள் மூன்றாவது பொருளில்தான் சொல்கிறார்களோ என்று தோன்றுகிறது.

எண்ணிக்கைச் சவாலைக் கைவிட்டவர்கள் சிலர், தாம் மேலானது என்று கருதும் இன்னொன்றுக்கு மாறியிருக்கிறார்கள். கட்டம் நிரப்பும் சவால். ஒரு தலித் நூல், ஒரு பெண் எழுத்து, ஒரு மொழிபெயர்ப்பு, இந்திய மொழி ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூல். நோக்கம் நல்லது. நடப்பதைப் பாருங்கள். தலித் இலக்கியக் கட்டத்தில் பாமாவின் ‘கருக்கு’ வந்து அமர்கிறது. 1992இல் வந்த அந்நூலுக்கு அது தகுதியான இடமே. ஆனால் கட்டம் நிரம்பியதும் கதவு மூடப்படுகிறது. அதே பாமா 1994இல் எழுதிய ‘சங்கதி’க்கும், 1989இலேயே வந்துவிட்ட சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ நாவலுக்கும் அந்த ஆண்டில் இடமில்லை. ஓர் இலக்கியத்தோடு உறவு தொடங்க வேண்டிய இடத்தில் சரி என்ற குறி விழுகிறது.

மொழிவாரிக் கட்டங்களின் சிக்கல் இன்னும் ஆழமானது. இதற்குப் பலரும் எடுத்துக்கொள்வது எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளை. அல்லது ஆங்கிலத்தையும் இராஜஸ்தானியையும் சேர்த்துச் சாகித்திய அகாதெமி ஏற்றுள்ள 24 மொழிகளை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 24,821 பேர். அதற்குக் கட்டம் உண்டு. அதன் இலக்கியப் பரப்பைக் கருதினால் இருக்கவும் வேண்டும். அதே கணக்கெடுப்பில் கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 29.8 இலட்சம். அதற்குக் கட்டம் இல்லை. கோண்டி நம் உறவு மொழி, திராவிடக் குடும்பத்தது. ஐதராபாத்திலிருந்து வடக்கே ஒரு நாள் பயணத்துக்குள் இருக்கும் ஆதிலாபாத் பகுதியில், கோண்டு மக்களின் குலக்கதைகளைப் பர்தான்கள் இசைக்கருவியோடு பாடிக் கேட்கலாம். அந்தப் பாட்டுக்கு 49 பக்கமும் அட்டையும் கிடையாது. ஆகவே ‘இந்தியா முழுவதையும் படித்தேன்’ என்னும் பட்டியலில் அது இருக்காது.

கோபிநாத் மொகந்தியின் ‘பரஜா’ ஒடியாக் கட்டத்தை நிரப்பும். மிகச் சிறந்த நாவல், ஐயமில்லை. ஆனால் அந்த நாவல் யாருடைய வாழ்வைப் பற்றியதோ அந்தப் பழங்குடியினருக்கென்று பட்டியலில் தனிக் கட்டம் எதுவும் இல்லை. இருபத்திரண்டில் பெரும்பாலானவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பிலேயே படிக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் குற்றமில்லை, நானும் அப்படியே படிக்கிறேன். ஆனால் மொழிபெயர்ப்பாளரின் பெயர் இல்லாமல் மொழியின் பெயரை மட்டும் போட்டுக் கட்டத்தை நிரப்புவது, படித்த மொழியை மறைத்துப் படிக்காத மொழிக்கு உரிமை கொண்டாடுவதாகும்.

பட்டியல் இடாதீர்கள் என்று நான் சொன்னாலும் இடத்தான் போகிறீர்கள். அட்டைப்படங்களை அடுக்கும்போது இரண்டு செய்திகளை மட்டும் சேர்த்து எழுதுங்கள். பாதியில் நிறுத்திய நூல்களின் பெயர்களையும், நிறுத்திய பக்கத்தையும், காரணத்தையும். பிறகு, இரண்டாம் முறை படித்தவை எவை, முதல் முறை கண்ணில் படாமல்போனது எது என்பதையும். அப்படி ஒரு பதிவு வந்தால் அதன் கீழே வந்து சண்டையிட நான் ஆயத்தமாக இருக்கிறேன்.