தொப்பி போட்ட பல்

பல் வலிக்கும்போது டாக்டரை நினைக்காதவர் இல்லை. வலி நின்ற பிறகும் நினைப்பவர்கள் மிகச் சிலர். வேர்ச் சிகிச்சை செய்துகொண்ட பலருடைய கதை இதுதான். "மறுபடியும் வாருங்கள், பல்லுக்குக் கேப் போட வேண்டும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருப்பார். 'வலிதான் போய்விட்டதே, எதற்கு வீண் செலவு?' என்று இவர்கள் சும்மா இருந்துவிடுவார்கள். கோகுலாஷ்டமி வரும்; சீடையும் வரும். 'கடக்'கென்று ஒரு சத்தம். பல் பாதியாகிவிடும்!

சொத்தையை நீக்கி, உள்ளே இருக்கும் நரம்பையும் எடுத்துவிட்ட பல், குடைந்தெடுத்த மரத்தைப் போன்றது. சுவர் மெல்லியது. கடைவாய்ப் பல்லோ ஒவ்வொரு கவளத்துக்கும் அடி வாங்குகிறது. மேல்பகுதி மட்டும் உடைந்தால் பல்லைக் காப்பாற்ற வழி உண்டு. வேர் வரை நெடுகப் பிளந்துவிட்டால், பெரும்பாலும் பிடுங்க வேண்டியதுதான். அப்படி நேராமல் பல்லை இறுகப் பிடித்துக் காப்பதே தொப்பியின் வேலை.

பீங்கான் தொப்பி செய்வதில் முன்னோடி, அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துப் பல் டாக்டர் சார்லஸ் லேண்ட். 1927ல் தன்னந்தனியாக, எங்கும் இறங்காமல், விமானத்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்டினாரே லிண்ட்பெர்க், அவருடைய தாயைப் பெற்ற தாத்தா இவர்!

"தொப்பி போட்டாகிவிட்டது, இனிமேல் கவலை இல்லையே?" என்று கேட்பீர்கள். தொப்பிக்குச் சொத்தை வராது. அதற்குள் இருக்கும் பல்லுக்கு வரும். தொப்பியின் விளிம்பும் ஈறும் சந்திக்கும் இடத்தில் அழுக்குத் தங்கினால், அங்கிருந்து சொத்தை உள்ளே நுழையும். நரம்பு எடுத்த பல் என்றால் அது கூச்சல் போடாது. நாய் இல்லாத வீட்டில் திருடன் புகுந்த மாதிரிதான்.

ஆகையால் வலிக்காகக் காத்திராமல் இந்த அடையாளங்களைக் கவனியுங்கள்:

புதிதாகப் போட்ட தொப்பி, கடிக்கும்போது மட்டும் வலிக்கிறதா? கொஞ்சம் உயரமாக இருக்கலாம். டாக்டர் வண்ணக் காகிதத்தைக் கடிக்கச் சொல்லிப் பார்த்து, தேய்த்துச் சரி செய்துவிடுவார்.

தொப்பி ஆடுகிறதா? வாயில் கெட்ட ருசியோ நாற்றமோ இருக்கிறதா? சிமெண்டு கரைந்திருக்கலாம்.

ஈறின் ஓரத்தில் கறுப்புக் கோடு தெரிகிறதா? உலோகத்தின்மேல் பீங்கான் பூசிய தொப்பியானால், ஈறு இறங்கி உலோகம் தெரிகிறது என்று அர்த்தம். பயம் வேண்டாம், ஆனால் ஈறு ஏன் இறங்கிற்று என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈறில் பரு மாதிரி கொப்புளம் வந்து வந்து மறைகிறதா? வேரடியில் சீழ் இருக்கலாம். தள்ளிப் போடக் கூடாது. முகம் வீங்கிக் காய்ச்சல் அடித்தாலோ, விழுங்கவும் மூச்சு விடவும் சிரமமானாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தொப்பி கழன்று கையோடு வந்துவிட்டால், கழுவி ஒரு சிறு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். பழுதில்லாமல் இருந்தால் அதையே திரும்ப ஒட்டிவிடலாம். ஆனால் வீட்டில் இருக்கும் பசையை எடுத்து நீங்களே ஒட்ட வேண்டாம்! வலிக்கு ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கிக்கொள்வதும் தவறு. அது சதையைப் பொசுக்கிவிடும். நாளைக் கடத்தினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து, பழைய தொப்பி பொருந்தாமல் போய்விடும்.

மற்றபடி, காலையிலும் இரவிலும் பல் துலக்குங்கள். ஈறு ஓரத்தை மறக்காதீர்கள். பல்லிடுக்கில் நூல் விட்டுச் சுத்தம் செய்யுங்கள். சோடா மூடியைப் பல்லால் திறக்கும் வீரத்தை விட்டுவிடுங்கள்.

வலிக்கிற பல் உங்களை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போகும். வலிக்காத பல்லை, வருஷத்துக்கு ஒரு முறையாவது, நீங்கள்தான் அழைத்துக்கொண்டு போக வேண்டும்.